விசிறி ஏன் கத்தியது

"இன்ஜினியரிங் படிச்சுட்டு யாராவது பிசிக்ஸ் படிக்கப் போவாங்களா?"

என் மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறார். செருப்பைக் கழற்றுவார், தண்ணீர் கேட்பார், பிறகு இதைக் கேட்பார். அக்கா இருந்தால் அவளிடம், இல்லாவிட்டால் என்னிடம். பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி இல்லை இது. இருந்தும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஒரே தடவையாக உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். மாமா படிக்க மாட்டார். படிக்கிற ஆளாக இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் இன்ஜினியர்களுக்குக் குடை பிடித்தவர். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குடை பிடித்திருக்கிறார். மழையில் வரைபடம் நனையக்கூடாது, வரைபடத்தைப் பிடித்திருக்கும் இன்ஜினியரும் நனையக்கூடாது. அப்பா நனையலாம். அவர் வயதில் பாதி இருக்கிற பையன்கள் அவரை 'யோவ்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தன் வீட்டிலும் ஒரு இன்ஜினியர் வர வேண்டும் என்று அவர் வைராக்கியம் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அக்கா வந்தாள். மெக்கானிக்கல் இன்ஜினியர். பட்டம் வாங்கிய அன்றே அப்பா வாசல் கதவுக்குப் பித்தளைப் பலகை செய்து மாட்டினார். அவர் பெயர் சின்னதாக, அக்கா பெயர் பெரிதாக, கீழே 'இன்ஜினியர்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைப்பதுதான் அவருக்குத் தேகப்பயிற்சி. என் பெயர் அதில் இல்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். என் பெயர் கடை ரசீதில் வருகிறது, எனக்கு அது போதும்.

அக்கா வேலைக்குச் சேர்ந்தது ஒரு விசிறித் தொழிற்சாலையில். வீட்டில் சுற்றுகிற விசிறி இல்லை. பெரிய கூடங்களிலிருந்து சூட்டையும் புகையையும் வெளியே தள்ளுகிற விசிறி, ஆள் உயரத்துக்கு இருக்கும். அக்காவுக்கு அங்கே சோதனை அறை. நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய சிமெண்டு அறை, நடுவில் ஒரு இரும்புத் தாங்கி. அதில் விசிறியை முடுக்கி, ஓடவிட்டு, காற்றையும் சத்தத்தையும் அளக்க வேண்டும்.

ஒரு புது ரகம் வந்தது. மற்ற எல்லா வேகத்திலும் சமர்த்தாகச் சுற்றிய அது, ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ஊளையிட்டது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிற மாதிரி ஊளை. அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கி நின்றது, மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா போல்ட்டை இறுக்கிப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள், விசிறியின் இறக்கை இலைகளை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஒவ்வொரு இலைக்கும் அது பொருந்தியிருக்கும் நடுக்குடத்துக்கும் இடையே ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினாள். கப்பென்று ஊளை நின்றது.

மேனேஜர் துள்ளிக் குதித்தார். அக்கா மட்டும், "ஏன் நின்னுச்சுன்னு பார்க்க ஒரு வாரம் குடுங்க சார்" என்றாள்.

"அதான் நின்னுடுச்சே. அப்புறம் என்னம்மா ஏன்?"

அந்த வருட விழாவில் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, கம்பெனி மானத்தைக் காப்பாற்றியவள் என்று சொல்லி, ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அப்பா அதைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டினார். வந்து போகிறவர்கள் யாரும் மணி பார்க்காமல் தப்ப முடியாது. அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும். தெரியாததற்குக் கொடுத்த பரிசு என்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "நான் பிசிக்ஸ் எம்.எஸ்ஸி. படிக்கப் போறேன்."

அப்பா சிரித்தார். "சாயங்காலத்துலயா? நல்லதுதான், பொழுது போகும்."

"வேலையை விட்டுட்டு."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "எதுக்கு?"

"எனக்கு அந்த விசிறி புரியலை. புரியலைங்கிறது யாருக்கும் ஒரு விஷயமாவே தெரியலை. எனக்கு அது தாங்கலை."

"ஒரு விசிறி கத்தினதுக்காகவா வேலையை விடுவே?"

"கத்தினதுக்காக இல்லப்பா. நின்னதுக்காக."

அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். வரிசையில் நடக்கிற சண்டைகளைப் பார்த்துப் பார்த்து எந்தச் சண்டைக்கும் அசைய மாட்டார். "முதல்ல சாப்பிட்டு முடிங்க. அப்புறம் சண்டை போடலாம்" என்றார்.

அப்பா முடிக்கவில்லை. "நான் மழையில குடை பிடிச்சு நின்னது எதுக்குன்னு நினைச்சே?"

"எனக்குத் தெரியும்ப்பா. அதுக்காக நான் காலம் பூரா நனையாமலே நிக்கணுமா?"

அதோடு அப்பா அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். ஒரே வீடு, ஒரே மேஜை. எதையும் என் வழியாகத்தான் சொல்வார். "அந்த இன்ஜினியரம்மாகிட்டச் சொல்லு, தண்ணி மோட்டாரைப் போடணும்னு." அந்த இன்ஜினியரம்மா அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும். ஆனால் அப்பா மேல்தான் அதிகம் வரும்.

அக்கா வேலைக்குப் போய்க்கொண்டே விடியற்காலையில் எழுந்து படித்தாள். நுழைவுத் தேர்வு எழுதினாள். கோட்டை விட்டாள். எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்காதீர்கள், ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை அவள் தப்பாகப் போட்டிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். சரியாகப் போட்டிருந்தாள்! கதிர்வீச்சைத் தடுக்க ஈயத்தகடு குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்று கணக்கு. வந்த விடை 7.3. அக்கா எழுதியது 8.

"ஏன்டி எட்டுன்னு எழுதினே?" என்று கத்தினேன்.

"7.3 மில்லித் தகடு எந்தக் கடையிலடி கிடைக்கும்?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

உலகத்தில் வேறு எந்தப் பிறவியும் இந்தத் தப்பைச் செய்யாது. இன்ஜினியர்களுக்குத்தான் விடை வந்த பிறகும் கை நிற்காது. பத்திரத்துக்குக் கொஞ்சம் கூட்டும், கடையில் கிடைக்கிற அளவுக்கு ஏற்றும், அப்புறம்தான் கோடு போட்டு முடிக்கும்.

மாமா வந்தார். தண்ணீர் குடித்தார். "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் அந்தப் பாடம் படிச்ச பிள்ளைங்களுக்கு. பேசாம இருக்கிறதை வெச்சுக்கோம்மா."

"அடுத்த வருஷமும் எழுதப் போறேன் மாமா."

"அதுலயும் போச்சுன்னா?"

"அதுக்கு அடுத்த வருஷம் ஒண்ணு இருக்குல்ல?"

அந்த வருடம் முழுவதும் அவள் பாடத்தைவிடக் கையைத்தான் திருத்தினாள். வந்த விடையை வந்தபடியே எழுதப் பழகுவது ஒரு ஆளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டிலும் அதே பாடுதான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அம்மா கேட்டால், "ஒண்ணேகால் கரண்டி" என்பாள். அம்மா கரண்டியை அவள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

இரண்டாம் தடவை தேர்வில் தேறினாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் லீவு போட்டுக் கூடப் போனேன். இயற்பியல் துறை நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிளம்பும்போது ஒரு உதறல், நிற்கும்போது ஒரு உதறல். அக்கா தலையை நிமிர்த்தி லிஃப்ட்டின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயத்தில் என்று நினைத்தேன். கம்பியைப் பற்றி யோசித்திருக்கிறாள்.

உள்ளே நடந்ததைத் திரும்பும்போது பஸ்ஸில் நடித்தே காட்டினாள். மூன்று பேர். துறைத் தலைவி, பேசாத ஒருவர், மார்க்கர் பேனாவைக் கையிலிருந்து கீழே வைக்காத ஒருவர். அந்த மார்க்கர் சார்தான் ஆரம்பித்தார்.

"இன்ஜினியரிங்ல தாக்குப் பிடிக்க முடியாம இங்க ஓடி வர்றீங்களா?"

"ஓடி வரலை சார். நடந்து வந்தேன். அதான் லேட்டாயிடுச்சு."

மார்க்கர் சாருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிற ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒரு எடையைத் தொங்கவிட வேண்டும், கம்பி அறுந்துவிடாமல் இருக்க எத்தனை மில்லி தடிமன் போதும்? மூக்கை உடைக்கத்தான் கொடுத்திருக்கிறார். அக்கா பலகையில் மளமளவென்று போட்டாள். 1.4 வந்தது. அந்தப் படபடப்பில் ஒரு வருடப் பயிற்சியும் பறந்துவிட்டது. கை தானாகப் பத்திரத்துக்கு ஏற்றி, கீழே 5 என்று எழுதி, வட்டமும் போட்டது.

"அஞ்சா?" என்று மார்க்கர் சார் சிரித்தார். "இது பிசிக்ஸ்மா. இங்க பயந்துக்கிட்டுக் கணக்குப் போட மாட்டோம்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். போச்சு, இந்த வருடமும் போச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயமும் போய்விட்டது.

"விடை 1.4. அஞ்சுன்னு எழுதினது பழக்கம். இந்தப் பழக்கத்தால ஏற்கனவே ஒரு வருஷத்தைத் தொலைச்சிருக்கேன். இப்பவும் அழிச்சுட்டுத்தான் எழுதுவேன், ஏன்னா நீங்க கேட்டது அது இல்ல. ஆனா பழக்கத்தைப் பயம்னு சொல்லாதீங்க சார். நீங்க தினமும் ஏறி வர்ற லிஃப்ட் இந்த அஞ்சுலதான் தொங்குது. 1.4ல தொங்கவிட்டா நீங்க ஏறுவீங்களா?"

பேசாதவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் என்று அக்கா சொன்னாள். துறைத் தலைவி, "உங்களுக்கு இங்க என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா விசிறியைப் பற்றிச் சொன்னாள். கத்தியதை, நின்றதை, கடிகாரத்தை.

இடம் கிடைத்தது. ஆனால் ஒரு கழுத்துப்பிடி நிபந்தனையோடு. முதல் வருடம் பட்டப்படிப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் பாடங்களைப் படிக்க வேண்டும், முடிவில் ஒரு ஆய்வை எல்லார் முன்னாலும் நின்று விளக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் தவறினாலும் வீட்டுக்குப் போகலாம். இன்ஜினியர்கள் சூத்திரத்தை நம்புவார்களே தவிர 'ஏன்' என்று கேட்க மாட்டார்கள், அதனால் இந்த நிபந்தனை என்று மார்க்கர் சார் விளக்கம் வேறு கொடுத்தாராம். கேட்டதும் எனக்கு எரிந்தது. ஏன் என்று கேட்டதற்காகக் கம்பெனியில் வாயடைக்கப்பட்டவளிடம் போய் இதைச் சொல்கிறார்!

வேலையை விட்டாள். திரும்பி வந்தால் இடம் இருக்காது என்று மேனேஜர் எச்சரித்தார். நல்ல மனிதர்தான், வழியனுப்ப என்ன பரிசு வேண்டும் என்றும் கேட்டார்.

"இன்னொரு கடிகாரம் மட்டும் வேண்டாம் சார். அந்த ரகத்துல சின்ன சைஸ் மாதிரி ஒண்ணு மூலையில கிடக்குதே, அதைக் குடுங்க."

"அது கத்துமேம்மா!"

"அதுக்காகத்தான்."

அந்த வருடம் அக்கா பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'கம்பெனி ஆன்ட்டி'. முதல் தேர்வில் கடைசி ஆளாக வந்தாள். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "எதையுமே கையால தொட முடியலைடி. எலக்ட்ரான் எங்க இருக்குன்னு கேட்டா, அப்படிக் கேக்கக் கூடாதுங்கிறாங்க" என்றாள். நான் என்னத்தைச் சொல்ல? "நல்லாக் கேளு" என்றேன். "கேக்கக் கூடாதுன்னா இன்னும் சத்தமாக் கேளு." சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்ததில் எனக்கு உயிர் வந்தது.

பாடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது அந்த ஆய்வு விளக்கம் மட்டும். கேள்வி கேட்பவர் மார்க்கர் சார். அதில் தவறினால் பிசிக்ஸும் இல்லை, வேலையும் இல்லை.

அன்று காலை அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நான் லீவு போட்டாச்சு. வர்றவங்க வரலாம்." யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அப்பா எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னால் மேஜையில் விசிறி. அக்கா வாஷர்களைக் கழற்றிவிட்டு விசிறியைப் போட்டு, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினாள். திடீரென்று ஊளை கிளம்பியது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள், துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். அக்கா அசையாமல் நின்றாள். எல்லாரும் போதும் போதும் என்கிறவரை கத்தவிட்டாள்.

பிறகு நிறுத்தி, வாஷர்களைத் திரும்ப மாட்டி, அதே வேகத்தில் ஊளையில்லாமல் ஓடவிட்டுக் காட்டிவிட்டுச் சொன்னாள். இலையின் ஓரத்தைத் தாண்டும் காற்று சின்னச் சின்னச் சுழல்களாக உதிர்கிறது. இலையைத் தட்டிவிட்டால் அதற்கென்று ஒரு நடுக்கம் உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில், சுழல் உதிர்கிற தாளமும் இலை நடுங்குகிற தாளமும் ஒன்றாகிவிடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும், அதுதான் ஆகிறது. ரப்பர் வாஷர் இலையின் பிடிமானத்தைக் கொஞ்சம் இளக்குகிறது, நடுக்கத்தின் தாளம் மாறுகிறது, தள்ளல் பொருந்தாமல் போகிறது. கண்ணாடிக் கடைக்காரி எனக்கே புரிந்தது. பின்னால் இரண்டு பலகை நிறைய இருந்த கணக்கு மட்டும் புரியவில்லை.

மார்க்கர் சார் அந்தக் கணக்கை வரிவரியாகப் பிடித்துக் கேட்டார். அக்கா வரிவரியாகச் சொன்னாள். கடைசியில் அவர் ஒரு எண்ணின் மேல் பேனாவைத் தட்டினார்.

"வாஷர் 2.6 மில்லி இருக்கணும்னு இங்க வருது. ஆனா நீங்க மாட்டியிருக்கிறது மூணு மில்லி. மறுபடியும் அதே பழக்கமா?"

நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன்.

"இல்ல சார். வேண்டியது 2.6, அதை அப்படியேதான் எழுதியிருக்கேன். கடையில கிடைக்கிறது மூணு. மூணு போட்டா எவ்வளவு விலகும்னு அடுத்த பலகையில தனியாக் கணக்குப் போட்டு, அளந்தும் பார்த்திருக்கேன். ரெண்டும் பொருந்துது. இப்ப எனக்கு எங்க பிசிக்ஸ் முடியுது, எங்க கடை ஆரம்பிக்குதுன்னு தெரியும்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. அப்பா! அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க. ஆனா பொண்ணு சொல்றது நிஜம். கடையில மூணுதான் இருக்கும்."

அக்கா தேறிவிட்டாள் என்று அங்கேயே அறிவித்தார்கள். அறிவித்தவர் மார்க்கர் சார்தான், சிரிக்காமல். லிஃப்ட்டில் இறங்கும்போது அப்பா, "எத்தனை பேர் ஏறலாம் இதுல?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, நேராக அக்காவிடம். அவள் பதில் சொல்ல வாயெடுத்து, முடியாமல் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான் அழுதேன், இதில் என்ன வெட்கம்.

ஆய்வுக்கூடத்தில் வைக்க இடமில்லை என்று விசிறி எங்கள் வீட்டுக்கு வந்து, கடிகாரத்துக்குக் கீழே குடியேறியது. அடுத்த வாரமே மாமாவும் வந்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். அக்கா வகுப்புக்குப் போயிருந்தாள்.

"இன்ஜினியரிங் படிச்சுட்டுப் போயும் போயும் பிசிக்ஸ். வாசல்ல இன்னும் அந்தப் பலகை எதுக்கு? கழட்டிடுங்க மச்சான். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். எழுந்து போய் ஸ்பேனரை எடுத்துவந்தார். பலகையைக் கழற்றப் போகிறார் என்றுதான் மாமா நினைத்திருப்பார். அப்பா விசிறியின் முன்னால் குனிந்து, வாஷர்களைக் கழற்றி, போல்ட்டுகளை நிதானமாக முடுக்கி, ஸ்விட்சைப் போட்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

வீடே ஊளையிட்டது. மாமா கையிலிருந்த தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"அய்யோ, நிறுத்துங்க மச்சான்! நிறுத்துங்க!"

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"அது ஏன் கத்துதுன்னு சொல்லுங்க. நிறுத்துறேன்."